வேகமும் தாமதமும் வேறுபட்ட இரண்டு இணைப்புகளைச் சேர்க்கும்போது பாக்கெட்டுகளின் வரிசையைக் காப்பது எப்படி?

உங்கள் கேள்வியைப் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 40 மெகாபிட் தரும் ஃபைபர் இணைப்பும் 10 மெகாபிட் தரும் 4ஜி இணைப்பும் உங்களிடம் உள்ளன. இரண்டின் வழியாகவும் தொலைவிலுள்ள ஒரு சர்வர் வரை யூடிபி டனல் (தரவை உள்ளே பொதிந்து கடத்தும் வழி; யூடிபி என்பது தொலைந்ததைத் தானாக மறுபடி அனுப்பாத எளிய நெறிமுறை) அமைத்து, பாக்கெட்டுகளை, அதாவது தரவின் சிறு துண்டுகளை, இதில் ஒன்று அதில் ஒன்று என்று மாற்றி மாற்றி அனுப்புகிறீர்கள். ஒரு பெரிய கோப்பை இறக்கும்போது 50 மெகாபிட் வரும் என்று எதிர்பார்த்தீர்கள். ஃபைபர் மட்டும் இருந்தபோது கிடைத்த வேகம்கூட வரவில்லை. பாக்கெட்டுகள் வரிசை மாறி வருவதே காரணம் என்று முடிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு மறுமுனையில் அடுக்கிக் கொடுத்தால் சரியாகுமா, விடுபட்ட எண்ணுக்காக எத்தனை மில்லிவினாடி காத்திருக்கலாம் என்று கேட்கிறீர்கள். ஒருவழித் தாமதம் ஃபைபரில் ஏறக்குறைய 20 மில்லிவினாடி, 4ஜியில் 80 என்று அளந்து எழுதியிருப்பதால், பதிலை எண்களோடு சொல்ல முடிகிறது. எந்த டனல் மென்பொருள் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. எனவே அமைப்புக் கோப்பில் எந்த வரியை மாற்றுவது என்பதற்குள் போகாமல், எந்த மென்பொருளுக்கும் பொருந்துவதை மட்டும் எழுதுகிறேன். இத்தகைய டனல்களை அமைத்துப் பராமரிப்பது என் தொழில்.

வரிசைக் குழப்பம் உங்கள் சிக்கலில் ஒரு பாதிதான். பாக்கெட்டுகளை ஒன்றுக்கு ஒன்று என்று பிரித்தால், மொத்தத்தில் பாதி 4ஜி வழியாகப் போயாக வேண்டும். அந்தப் பாதி 10 மெகாபிட்டைத் தாண்டாது. ஆகவே முழுமையும் 20 மெகாபிட்டைத் தாண்டாது. மறுமுனையில் எவ்வளவு கச்சிதமாக அடுக்கினாலும் இந்த எல்லை மாறாது, ஏனென்றால் இது வரிசையால் வருவதல்ல, பங்கீட்டால் வருவது. நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்த பிறகுதான் 50 என்ற எண்ணே சாத்தியமாகிறது. இன்னொன்றையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள்: கோப்பு உங்களை நோக்கி வருகிறது என்பதால், பிரித்து அனுப்பும் வேலையைச் செய்வது தொலைவிலுள்ள சர்வர், அடுக்கும் வேலையைச் செய்வது உங்கள் ரூட்டர். விகிதத்தை வீட்டு ரூட்டரில் மட்டும் மாற்றிவிட்டு இறக்க வேகம் ஏன் கூடவில்லை என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே மாற்றினால் ஏற்ற வேகம்தான் மாறும்.

விகிதத்தைத் திருத்திய பிறகுதான் வரிசைச் சிக்கல் தன் முழு உருவத்தில் தெரியும். 4ஜியில் சென்ற ஒரு பாக்கெட், தன்னோடு ஒரே நேரத்தில் ஃபைபரில் கிளம்பியதைவிட 60 மில்லிவினாடி பிந்தி வருகிறது. அந்த 60 மில்லிவினாடியில் ஃபைபர் 40 மெகாபிட் வேகத்தில் 24 லட்சம் பிட், அதாவது 3 லட்சம் பைட், கொண்டுவந்து சேர்த்துவிடும். 1500 பைட் பாக்கெட்டுகளாகக் கணக்கிட்டால் அது 200 பாக்கெட். கோப்பு முழுதாகவும் வரிசையாகவும் சேர்வதை உறுதி செய்யும் நெறிமுறையான டிசிபியின் பழைய விதியோ மூன்று பாக்கெட் அளவுக்குத்தான் பொறுமை காட்டும்: ஒரே இடத்தைச் சுட்டும் இரட்டிப்பு ஒப்புகைகள் (இதுவரை பெற்றேன் என்று பெறுபவர் அனுப்பும் செய்திகள்) மூன்று வந்தால், அந்த இடத்திலிருந்த பாக்கெட் தொலைந்துவிட்டது என்று அனுப்புபவர் முடிவு கட்டி, அதை மறுபடி அனுப்புவதோடு வேகத்தையும் குறைத்துவிடுவார். பழைய ரீனோ முறையில் குறைப்பு பாதி. லினக்ஸில் நெடுங்காலமாக இயல்பாக உள்ள கியூபிக் முறையில் பத்தில் மூன்று பங்கு. தொலையாத பாக்கெட்டுக்காக இந்தத் தண்டனை திரும்பத் திரும்ப விழுகிறது. இன்றைய டிசிபிகள் இவ்வளவு அவசரப்படுவதில்லை என்பதும் உண்மைதான். லினக்ஸ் வரிசைமாற்றத்தைக் கண்டால் மூன்று என்ற எல்லையைத் தானாகவே உயர்த்திக்கொள்ளும். 2021-இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணம்) 8985 ஆக வெளிவந்த ராக் முறை எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது. ஆனால் அதன் பொறுமையும் குறைந்தபட்ச சுற்றுநேரத்தின் (பாக்கெட் போய் அதன் ஒப்புகை திரும்பும் நேரத்தின்) கால் பங்கில் தொடங்கி, அதிகம் போனால் ஒரு சுற்றுநேரத்தில் நின்றுவிடும். ஃபைபர் வழியின் சுற்றுநேரம் 40 மில்லிவினாடி என்று கொண்டால் தொடக்கப் பொறுமை 10 மில்லிவினாடி. 60 மில்லிவினாடிப் பின்னடைவு அதற்குள் அடங்காது. கோப்பை அனுப்பும் சர்வரில் எந்த டிசிபி ஓடுகிறது என்பதும் உங்கள் கையில் இல்லை. எனவே டிசிபியே சமாளித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது உங்கள் நிலைமையில் பொருந்தாது. இரண்டு இணைப்புகளின் தாமதமும் ஓரிரு மில்லிவினாடிக்குள் ஒத்திருந்தால், நானே அப்படி விட்டுவிடச் சொல்லியிருப்பேன்.

இங்கே தவிர்க்க முடியாத ஒரு விலை இருக்கிறது. ஒரே ஓட்டத்தின், அதாவது ஒரு கோப்பு இறக்கம் போன்ற ஒரே உரையாடலின், பாக்கெட்டுகளை 20 மில்லிவினாடி வழியிலும் 80 மில்லிவினாடி வழியிலும் பிரித்துவிட்டு, மறுமுனையில் வரிசையாகக் கொடுக்க வேண்டும் என்றால், அந்த ஓட்டம் முழுவதன் தாமதமும் 80 மில்லிவினாடி ஆகிவிடும். முந்தி வந்தவை பிந்தி வருபவற்றுக்காகக் காத்திருக்கின்றன. வேறு வழியே கிடையாது. அந்தக் காத்திருப்பு எங்கே நடக்கிறது என்பதை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். பெறும் முனையின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) காத்திருக்கலாம், அல்லது அனுப்பும் முனையின் வரிசையில் காத்திருக்கலாம். நீங்கள் முதலாவதை மட்டும் யோசித்திருக்கிறீர்கள். என் அனுபவத்தில் பலன் அதிகம் தருவது இரண்டாவது.

அனுப்பும் முனையில் செய்வது இதுதான். ஒவ்வொரு இணைப்புக்கும் அதன் வேகம், அடிப்படைத் தாமதம், ஏற்கெனவே அனுப்பி இன்னும் வழியில் தேங்கி நிற்கும் தரவு ஆகிய மூன்றையும் கணக்கில் வைத்துக்கொண்டு, இந்தப் பாக்கெட்டை எதில் விட்டால் எப்போது போய்ச் சேரும் என்று மதிப்பிட்டு, எது முந்திச் சேருமோ அதில் விட வேண்டும். உங்கள் எண்களில் இதன் விளைவு எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஃபைபரில் தேக்கம் இல்லாதவரை எல்லாப் பாக்கெட்டும் ஃபைபரிலேயே போகும். கோப்பு பெரியதாகி, ஃபைபரின் முன்னால் 60 மில்லிவினாடிக்கு நிகரான தேக்கம் சேர்ந்த பிறகுதான் 4ஜிக்கு முதல் பாக்கெட் கிடைக்கும். அப்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேரும். சிறிய வலைப்பக்கங்கள் 4ஜியைத் தொடவே செய்யாது, பெரிய இறக்கம் மட்டும் இரண்டையும் நிரப்பும். இதிலிருந்து ஒரு படி மேலே போய், தன் வரிசையில் காத்திருக்கும் 200ஆவது இடத்துப் பாக்கெட்டை இப்போதே 4ஜியில் அனுப்பிவிட்டு, முன்னால் நிற்பவற்றை ஃபைபரில் அனுப்பும் முறையும் உண்டு. கணக்கு ஒன்றேதான், தேக்கத்தை எங்கே வைப்பது என்பதில்தான் வேறுபாடு. எளிய விகிதப் பங்கீட்டைவிட இது மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மதிப்பீடு சரியாக இருக்கும் அளவுக்குத்தான் பலனும் சரியாக இருக்கும். 4ஜியில் மதிப்பீடு எப்போதும் கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகை விழுங்கத்தான் பெறும் முனையில் பஃபர் வேண்டும்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டதற்கு வருகிறேன். பெறும் முனையில் 5001, 5002, 5004 வந்துவிட்டன, 5003-ஐக் காணவில்லை. அது வழியில் இருக்கிறதா, தொலைந்துவிட்டதா? கடிகாரத்தைப் பார்க்காமலே பெரும்பாலும் இதற்கு விடை கண்டுவிடலாம். பிபிபி என்பது இரு முனைகளை நேரடியாக இணைக்கும் நெறிமுறை. பல இணைப்புகளைச் சேர்க்கும் பிபிபி முறையை வரையறுத்த ஆர்எஃப்சி 1990, 1996-இலேயே இந்த விதியைச் சொல்லிவிட்டது: ஒவ்வொரு இணைப்பும் தனக்குள் வரிசை மாற்றாது என்றால், ஒவ்வொன்றிலும் கடைசியாக வந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அவற்றுள் மிகச் சிறிய எண்ணைவிடக் குறைந்த எண் எதுவும் இனி வர வழியில்லை. ஃபைபரில் கடைசியாக வந்தது 5210, 4ஜியில் கடைசியாக வந்தது 5007 என்றால், காணாத 5003 தொலைந்ததே. உடனே மேலே போகலாம், ஒரு மில்லிவினாடிகூட வீணாக்க வேண்டாம். 4ஜியில் கடைசியாக வந்தது 4998 என்றால், 5003 அதில் வந்துகொண்டிருக்க இன்னும் வாய்ப்பு உண்டு. காத்திருப்பதில் பொருள் இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய இந்த விதியைப் பயன்படுத்தாமல், எல்லா இடைவெளிக்கும் ஒரே டைமரை வைத்து உட்கார்ந்திருக்கும் மென்பொருள்கள் இன்றும் இருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்த விதிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, எந்த இணைப்பும் ஊமையாக இருக்கக் கூடாது. 4ஜியில் சிறிது நேரம் எதுவும் அனுப்பாவிட்டால் அதன் கடைசி எண் பழையதாகவே நின்று, மற்ற எல்லாவற்றையும் பிடித்து வைத்துவிடும். எனவே சும்மா இருக்கும் இணைப்பில், இதுவரை இந்த எண் வரை போயிற்று என்று சொல்லும் வெற்றுப் பாக்கெட்டை அவ்வப்போது அனுப்ப வேண்டும். பிபிபி முறையிலும் இதற்கு இடமுண்டு. மற்றது, இணைப்பு தனக்குள் வரிசை காக்கிறது என்ற அனுமானம். மொபைல் வலையமைப்பின் ரேடியோப் பகுதி, தானே எண் இட்டு அடுக்கித்தான் பொதுவாகக் கொடுக்கிறது. இடைப்பட்ட ரூட்டர்களும் ஒரே முகவரி, ஒரே போர்ட் கொண்ட ஓட்டத்தை ஒரே பாதையில்தான் பெரும்பாலும் விடுகின்றன. ஆனால் ஐபி வலையமைப்பு வரிசைக்கு உத்தரவாதம் தருவதே இல்லை. ஆகவே விதி தொலைந்தது என்று சொன்ன பாக்கெட் பிறகு வந்து சேர்ந்தால் அதைக் குப்பையில் போட வேண்டாம், அப்படியே மேலே கொடுத்துவிடுங்கள். டிசிபிக்கு அது இன்னும் பயன்படலாம். ஏற்கெனவே மறு அனுப்பலும் வந்திருந்தால், இரட்டிப்பாகப் பெற்ற செய்தியைப் பெறுபவரின் டிசிபி திருப்பிச் சொல்லும், அதைக் கொண்டு அனுப்புபவர் தன் அவசரத்தைத் திருத்திக்கொள்வார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு டைமர் வேண்டும், ஏனென்றால் ஒரு இணைப்பு திடீரென்று முழுவதும் செத்துவிடலாம். அதன் அளவு நீங்கள் தேர்ந்தெடுக்கும் எண் அல்ல, அளந்து பெறும் எண்: இரண்டு இணைப்புகளின் தாமத வேறுபாடு, அதோடு மெதுவான இணைப்பில் தாமதம் ஏறி இறங்கும் வீச்சு. 60 மில்லிவினாடி வேறுபாடும் 20 முதல் 30 வரை வீச்சும் இருந்தால் 80 முதல் 90-க்குள் வைப்பேன். வேறுபாட்டைவிடக் குறைவாக வைத்தால் 4ஜியில் வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் பிந்தியதாகவே கருதப்படும். பஃபர் தாமதத்தையும் தந்து வரிசையையும் தராத வெற்றுச் சுமையாகிவிடும். மிக அதிகமாக வைத்தாலும் கேடு. ஒரு பாக்கெட் உண்மையில் தொலையும்போது பின்னால் வந்த அனைத்தும் அந்த நேரம் முழுக்க நின்று, பிறகு ஒரே கொத்தாக விழும். லினக்ஸ் டிசிபியின் மறு அனுப்பல் காத்திருப்புக்குக் கீழ் எல்லை 200 மில்லிவினாடி. அதை நெருங்கும் அளவுக்கு டைமரை வைத்தால், அனுப்புபவர் எல்லாம் போயிற்று என்று எண்ணி, ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்கும் நிலைகூட வரலாம். மதிப்பை நிரந்தரமாக எழுதி வைக்காமல், சில நொடிகளுக்கு ஒருமுறை அளந்து மாற்றிக்கொள்ளும்படி செய்வது நல்லது. நினைவகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: மேலே கணக்கிட்ட 3 லட்சம் பைட்டைப் போல மூன்று மடங்கு ஒதுக்கினாலும் ஒரு மெகாபைட்டைத் தொடாது.

பஃபரை ஒன்றே ஒன்றாக வைக்காதீர்கள். எல்லா ஓட்டங்களுக்கும் சேர்த்து ஒரே எண் தொடர் இட்டால், எங்கோ ஒரு கோப்பின் ஒரு பாக்கெட் தொலைந்ததற்காக, அதோடு தொடர்பே இல்லாத குரல் அழைப்பும் நின்று போகும். ஓட்டத்துக்கு ஓட்டம் தனி எண் தொடர் இடுவது சிறப்பு. அது முடியாவிட்டால், குறைந்தது எதை அடுக்க வேண்டும், எதை அடுக்கக் கூடாது என்றாவது பிரியுங்கள். தளப் பெயருக்கு முகவரி கேட்கும் டிஎன்எஸ் வினவல், குரல், விளையாட்டு போன்றவற்றைப் பிரிக்கவே வேண்டாம். தாமதம் குறைந்த இணைப்பில் கட்டிப் போட்டுவிடுங்கள். குரல் பாக்கெட்டுகளில் தமக்கென்றே வரிசை எண்ணும் நேரக் குறியும் இருக்கின்றன, அவற்றைப் பெறும் செயலி தானே அடுக்கிக்கொள்ளும்; நாம் நடுவில் புகுந்து நிறுத்தி வைப்பது உபத்திரவம்தான். கோப்பு இறக்கும்போது எதிர்த்திசையில் போகும் ஒப்புகைகளையும் ஃபைபரிலேயே விடுங்கள். ஒப்புகை திரட்டாகச் சொல்லப்படுவது என்பதால் வரிசை மாறினால் பெரிய கேடு இல்லை, ஆனால் 4ஜியில் போனால் காரணமின்றிச் சுற்றுநேரம் நீளும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி கணக்கு, அதை நான் உறுதியாகச் சொல்வேன். உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி 4ஜியின் நடத்தை. நீங்கள் அளந்த 80 மில்லிவினாடி இணைப்பு சும்மா இருக்கும்போது அளந்ததா, நிரம்பியிருக்கும்போது அளந்ததா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். மொபைல் வலையமைப்பில் கோபுரத்தின் பக்கம் பெரிய வரிசைகள் இருப்பது வழக்கம். அது தாங்குவதைவிடச் சற்றே கூடுதலாக அனுப்பினாலும் தரவு தொலையாது, தேங்கும், 80 சில நூறுகளாக ஏறும். அங்கே வேகமும் நிலையானதல்ல. ஒரே நாளில் 10 என்பது 4 ஆகலாம், 25 ஆகலாம். ஆகவே டனலின் மறுமுனைச் சர்வர் 4ஜிக்குள் விடும் வேகத்தை, உங்கள் பக்கம் உண்மையில் வந்து சேரும் வேகத்துக்குச் சற்றுக் கீழே பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு உங்கள் ரூட்டர் ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு வந்தது, எவ்வளவு தாமதத்தில் வந்தது என்று அடிக்கடி திருப்பிச் சொல்ல வேண்டும். வரிசைக் குழப்பம் என்று என்னிடம் வருபவற்றில் பலவும் உண்மையில் இந்தத் தேக்கமே. தேக்கத்தை அடக்கினால் டைமரும் சிறுத்துவிடும்.

மறைகுறியாக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய பாக்கெட்டை யாரோ மறுபடி அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்க, ஐபிசெக் என்ற மறைகுறியாக்க முறை, ஏற்கத்தக்க எண்களுக்கு ஒரு சிறு சாளரம் வைத்திருக்கும். அதன் வழக்கமான இயல்பு அளவு 64 பாக்கெட். இரண்டு இணைப்புகளுக்கும் குறுக்கே ஒரே ஐபிசெக் தொடர்பை விரித்தால், 200 பாக்கெட் பிந்தி வரும் 4ஜி பாக்கெட்டுகள் அனைத்தும் அந்தச் சாளரத்துக்கு வெளியே விழுந்து, சத்தமில்லாமல் தூக்கி எறியப்படும். அடுக்கும் பஃபர் அவற்றைக் காணவே காணாது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி மறைகுறியாக்கத் தொடர்பு வைத்து, அதற்கு உள்ளே எண் இடுவது பாதுகாப்பான வழி. இல்லையேல் சாளரத்தைப் பெரிதாக்க வேண்டும். வயர்கார்டு என்ற இன்னொரு மறைகுறியாக்க டனலில் சாளரம் சில ஆயிரம் அளவு என்பதால் உங்கள் வேகத்தில் தொல்லை வராது. வரிசை எண்ணை 32 பிட்டாக வையுங்கள். 12 பிட் எண் என்றால் 50 மெகாபிட் வேகத்தில் ஏறக்குறைய ஒரு நொடியில் சுற்றி வந்துவிடும். ஒரு முனை மறுதொடக்கம் ஆகி எண் மீண்டும் பூஜ்யத்திலிருந்து வரும்போது மறுமுனை அதைப் பழைய பாக்கெட் என்று தள்ளிவிடாமல் இருக்க, எண்ணோடு ஒரு அமர்வு அடையாளமும் தேவை.

இவற்றையெல்லாம் நீங்களே எழுதத்தான் வேண்டுமா என்பதும் கேட்கத் தக்கது. சுவிட்சுகளில் உள்ள, பல கம்பிகளை ஒன்றாகச் சேர்க்கும் 802.3ஏடி முறை உங்களுக்கு உதவாது: அது வரிசையைக் காக்கும் வழியே ஒரு உரையாடலை ஒரே கம்பியில் கட்டிவிடுவதுதான், ஆகவே ஒரு கோப்பின் வேகம் ஒரு கம்பியைத் தாண்டாது. உங்கள் போக்குவரத்தில் பெரும்பகுதி டிசிபி என்றால், எம்பிடிசிபி (ஒரே டிசிபி உரையாடலைப் பல இணைப்புகளில் நடத்தும் முறை) வழி நடக்கும் ஒரு ப்ராக்ஸியை (இடையில் நின்று கடத்தும் மென்பொருளை) இரு முனையிலும் வைப்பதையே நான் முதலில் முயல்வேன். அதில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை எண்ணும் தனி நெரிசல் கட்டுப்பாடும் உண்டு. மேலே முழுத் தரவுக்கும் 64 பிட் எண் தொடர் ஒன்று ஓடுகிறது. எனவே ஒரு இணைப்பின் பின்னடைவு மற்றதில் பாக்கெட் தொலைந்ததாகத் தோன்றவே தோன்றாது. லினக்ஸ் கெர்னலில் 5.6 பதிப்பிலிருந்து, அதாவது 2020 முதல், இது இருக்கிறது. அதற்கும் பஃபர் வேண்டும்: மொத்த வேகத்தை மிக நீண்ட சுற்றுநேரத்தால் பெருக்கி இரட்டிப்பது வழக்கம், உங்களுக்கு 50 மெகாபிட், 160 மில்லிவினாடி என்று வைத்தால் 2 மெகாபைட். குவிக் (யூடிபியின் மேல் ஓடும் வலை நெறிமுறை) போன்ற யூடிபி போக்குவரத்தை இது தொடாது என்பதே குறை. குவிக்கும் மூன்று பாக்கெட் எல்லையையே தொடக்க அளவாகப் பரிந்துரைக்கிறது என்பதால், அதைப் பிரிக்காமல் ஃபைபரில் கட்டிவிடுவதே நல்லது.

எதையும் மாற்றும் முன் மூன்று அளவீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியே முழுவதும் நிரப்பி, அந்த நிலையில் தாமதம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். பிறகு ஐபெர்ஃப் என்ற வேக அளவீட்டுக் கருவி கொண்டு டனல் வழியே யூடிபி அனுப்பினால், எத்தனை பாக்கெட் வரிசை மாறி வந்தன, எத்தனை தொலைந்தன என்று தனித்தனியே அதுவே சொல்லும். கடைசியாக, டிசிபி இறக்கம் ஒன்று நடக்கும்போது, உங்கள் கணினி எத்தனை இரட்டிப்புப் பாக்கெட்டுகளைப் பெற்றது என்ற கணக்கைப் பாருங்கள். அது வேகமாக ஏறினால் தேவையற்ற மறு அனுப்பல் நடக்கிறது, வரிசைதான் குற்றவாளி. ஏறாமல் இருந்தும் வேகம் 20 மெகாபிட்டிலேயே நின்றால், சர்வரில் உள்ள பங்கீட்டு விகிதத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பஃபர் எழுதும் வேலையே மிச்சமாகலாம்.